தூரம் காட்டும் காலம்

அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மாவின் கால் மிதியில் இருக்கும்வரை உலகம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அன்று காலை நின்றது.

"பெரியவளே, உன் போன் முனகுது."

"மெசேஜா இருக்கும். அப்புறம் பாத்துக்கறேன்."

"அப்புறமாவது விழுப்புறமாவது. யாருன்னு பாரு."

பெரியவள் சீப்பைத் தலைமுடியிலேயே செருகிவிட்டு வந்தாள். திரையில் தம்பி மனைவியின் எண். ஒரே ஒரு வரி.

If he will want see Amma I will bring

படித்த மாத்திரத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பு, அந்த ஆங்கிலத்துக்கு. அழுகை, அந்தச் செய்திக்கு.

"அவதானே? என்னவாம்?"

"அம்மாவைப் பாக்கணும்னு அவர் நெனச்சா, நான் கூட்டிட்டு வருவேன்னு போட்டிருக்கா."

அம்மா ஊசிக்கு அடியில் இருந்த யூனிஃபார்மைப் பார்த்தாள். நூலைக் கத்தரித்தாள்.

"இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"அவ எழுதினபடியே படி."

ஆங்கிலத்தில் படித்தாள். அம்மா ஏதோ பாட்டுக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சரின்னு மட்டும் போடு. ரொம்பப் பேசினா பயந்துக்குவான்."

'ஓகே' என்று போட்டுவிட்டுப் பெரியவள் பஸ்ஸுக்கு ஓடினாள். கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீலக்கோடு போட்ட சட்டைத்துணி ஒன்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். அது தம்பி சின்னவனுக்கென்று வாங்கி, கொடுக்கப்படாமல் போன துணி.

இந்த வீட்டை இதுவரை எட்டிப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

ஐந்தாவது மாடியில் இரண்டு அறை வீடு. அம்மா ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் யூனிஃபார்ம் தைக்கிறாள். பெரியவள் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறாள். வெளிநாட்டு வேலைக்காகப் பரீட்சை எழுதுகிறவர்கள்தான் அங்கே மாணவர்கள். 'இஃப்' வாக்கியங்களை அவளைப்போல நடத்த ஆள் இல்லை என்பதால் 'இஃப் மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். பயிற்சி நிலையம் இருந்த கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே மாட்டிக்கொண்டவள் பெரியவளின் மாணவி, ஒரு நர்ஸ். வெளியே எடுத்தவன் சின்னவன். "லிஃப்ட்டுல ஏறினவ என் தலையில வந்து இறங்கிட்டா" என்று அம்மா சொன்னது அப்புறம். நர்ஸுக்கு வேறு ஊர், வேறு மொழி. சின்னவனும் அவளும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில், இரண்டு பேருக்கும் இரவல் மொழியில்.

அவளைக் கட்டினால் இந்த வாசலை மிதிக்காதே என்றாள் அம்மா. கட்டினான். மிதிக்கவில்லை.

அதற்கடுத்த வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "சின்னவனுக்குச் சொல்லியாச்சா?" என்று அப்பா கேட்டார். "வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. தேறிவருகிறார் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். பெரியவளின் கையில் போன் இருந்தது. அம்மா பேச்சைத் தட்ட வேண்டாமென்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்பா வீட்டுக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, சின்னவன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அம்மாவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசினான்.

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?"

அதற்குப் பிறகு அவன் குரலை இந்த வீடு கேட்கவில்லை.

போன வாரம் நர்ஸ் தகவல் அனுப்பினாள். தூரதேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இருவரும் கிளம்புகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் வரச் சொல்லு" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து அது வருவதற்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியவள் அதை ஆங்கிலமாக்கி அனுப்பினாள். ஒரு வாரம் பதில் இல்லை. நாளைக் காலையில் விமானம்.

இன்று பதில் வந்திருக்கிறது.

*

பலகையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன.

If I win, I will buy a house.
If I won, I would buy a house.

முதல் வரிசையில் டாக்ஸிக்காரர் கையைத் தூக்கினார். வகுப்பில் வயதில் மூத்தவர். சந்தேகம் கேட்பதிலும் மூத்தவர்.

"மேடம், 'வன்'னா பாஸ்ட் டென்ஸ். ஜெயிச்சாச்சு. ஜெயிச்சவன் எதுக்கு இஃப் போட்டுட்டு உக்காந்திருக்கான்? வீட்டை வாங்க வேண்டியதுதானே?"

வகுப்பு சிரித்தது.

"அவன் ஜெயிக்கல" என்றாள் பெரியவள். "ஜெயிக்கறதா எண்ணமும் இல்ல."

"அப்ப ஏன் பாஸ்ட்டு?"

"அது காலம் இல்ல, தூரம். நடக்கக்கூடியது பக்கத்துல இருக்கு, அதனால 'வின்'. நடக்காதுன்னு மனசுல பட்டா அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். தள்ளி வைக்க இங்கிலீஷ்காரனுக்கு வேற இடம் கிடைக்கல, பாஸ்ட் டென்ஸ்ல கொண்டுபோய் வச்சுட்டான்."

"நம்ம பாஷையில இந்த வம்பே இல்ல மேடம்" என்றார் பின்வரிசை பேக்கரிக்காரர். "லாட்டரி வாங்கினவனும் 'ஜெயிச்சா'ங்கறான். வாங்காதவனும் 'ஜெயிச்சா'ங்கறான்."

"வாங்காதவன் எப்படிய்யா ஜெயிப்பான்?" என்றார் டாக்ஸிக்காரர்.

"அவனுக்குத்தான் 'வுட்'" என்றாள் பெரியவள்.

இதை அவள் எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறாளோ. முதன்முதலில் சொன்னது வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து. அவள் அப்போது கல்லூரியில் இருந்தாள். சின்னவன் பள்ளியில். ஆங்கிலத்தில் தேறாமல் போய்விடுவான் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். எத்தனை விளக்கியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் பாட்டாகக் கட்டிக்கொடுத்தாள்.

வில்லுன்னா தெறப்பு, வுட்டுன்னா பூட்டு.

மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் படித்தான். மிதியின் தாளத்துக்கு அது ஒத்துப்போனது. அம்மாகூட ஒருநாள், "இவன் படிச்சா எனக்கு ரெண்டு சட்டை கூடுதலா முடியுது" என்றாள்.

"அப்ப 'வுட் ஹேவ்'னா?" என்று கேட்டான் சின்னவன்.

"அங்க கதவே கிடையாது. சுவருதான்."

அவன் உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு ஒழுங்காகத் தேறினான். மதிப்பெண்ணைவிட இன்னொன்று அவனிடம் தங்கிவிட்டது: 'இஃப்' பாதி முடிந்ததும் கமா. அதை மறந்தால் அக்கா புறங்கையில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவாள். பிறகு அவன் மறந்ததே இல்லை. லிஃப்ட்டுக்குள் ஒட்டுகிற எச்சரிக்கைத் தாளில்கூடக் கமா இல்லையென்றால் பேனாவால் போட்டுவிட்டு வருவான்.

இடைவேளையில் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். பெரியவள் நாற்காலியில் சாய்ந்து போனை எடுத்தாள். காலையில் அவசரமாகப் படித்த வரியை நிதானமாக இன்னொருமுறை படிக்க ஆசை. நர்ஸின் அந்த நொண்டி ஆங்கிலத்தில் ஒரு நல்ல மனசு இருந்தது. இரண்டு பக்கமும் 'வில்' போடாதே என்று ஆறுமாதம் தொண்டை கிழியச் சொல்லியும் மாற்ற முடியாத 'வில்'. அவள் மொழியில் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. பரீட்சையில் மூன்றாவது தடவை தேறியதே பெரிய விஷயம்.

திறந்தாள்.

If he wanted to see her, I would bring him.

வேறு எண்ணைத் திறந்துவிட்டோமோ என்று மேலே பார்த்தாள். அதே எண். அவளுடைய 'ஓகே' அதற்குக் கீழே இருந்தது. வரியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பு.

ஆசிரியையின் கண் முதலில் வேலையைச் செய்தது. பிழை இல்லை. ஒன்றுகூட இல்லை. 'வான்டட்' சரி. அதற்குப் பின் 'டு' சரி. 'வுட்' சரி.

நர்ஸ் இப்படி எழுத மாட்டாள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிழை இருக்கும், கைரேகைபோல. பெயர் எழுதாத தாளைக் கொடுத்தாலும் யாருடையது என்று பெரியவள் சொல்லிவிடுவாள். இந்த வரியில் நர்ஸின் ரேகை துடைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் கமாவைப் பார்த்தாள்.

அது அதன் இடத்தில், அமைதியாக, ஸ்கேலுக்குப் பயந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது.

'அம்மா' என்று நர்ஸ் எழுதியிருந்த இடத்தில் இப்போது 'ஹர்' இருந்தது. யாரோ ஒரு பெண்மணி. அவனுக்கு அவளைப் பார்க்க விருப்பமிருந்தால் கூட்டிவருவேன், ஆனால் விருப்பமில்லை, என்று சொல்லாமல் சொல்கிறது வரி. பூட்டு. அவள் சொல்லிக்கொடுத்த பூட்டு.

அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசியிருந்தான் தம்பி.

காலையில் அம்மாவுக்குச் சொன்னதை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். 'பாக்கணும்னு அவர் நெனச்சா, நான் கூட்டிட்டு வருவேன்.' இந்தப் புதிய வரியைத் தமிழாக்கினாலும் அதேதான் வருகிறது. நெனச்சா. வருவேன். ஓர் எழுத்து மாற்ற வேண்டியதில்லை. தமிழில் அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அம்மாவிடம் அவள் சொன்னது பொய்யும் இல்லை.

அதுதான் தாங்க முடியவில்லை.

*

நர்ஸ் முதல் மணியிலேயே எடுத்தாள். அவளும் பெரியவளும் பேசியது ஆங்கிலத்தில். அதில் நர்ஸ் விட்ட பிழைகளை இங்கே எழுதிக்காட்ட வழியில்லை.

"டீச்சர், மெசேஜ் பாத்தீங்களா? இப்ப கிராமர் சரியா?"

"யார் திருத்தினது?"

"அவர்தான். உங்க ஓகே வந்த சத்தம் கேட்டுப் போனை எடுத்தார். நான் சொல்லாம அனுப்பிட்டேன்னு முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம், 'இதைப் படிச்சா எங்க அக்கா தலையில அடிச்சுக்குவா'ன்னு சிரிச்சார். அவரே மாத்தினார்."

"சிரிச்சானா?"

"முதல்ல சிரிச்சார். மாத்தி முடிச்சப்புறம் சிரிக்கல. 'அக்காவுக்குப் புரியும்'னு மட்டும் சொன்னார்."

பின்னால் ஏதோ சரக்கென்று கிழியும் சத்தம். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? இலக்கணம்தானே மாத்தினார்? அர்த்தம் அதேதானே?"

பெரியவள் பலகையைப் பார்த்தாள். வின், வன். வில், வுட். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல முடியவில்லை. உன் பெயரில், உன் வாயால், உன் புருஷன் கதவைச் சாத்தியிருக்கிறான் என்று சொல்வதா? இந்தப் பெண் அவனோடு நாளைக்கு விமானம் ஏறப் போகிறவள். இந்தக் குடும்பத்தில் யாரிடமும் நல்ல வார்த்தை வாங்காதவள். இருந்தும் 'அம்மா' என்று எழுதியவள்.

"இலக்கணம் சரியா இருக்கு" என்றாள்.

"அப்பாடா. சாயங்காலம் மறுபடி கேட்டுப் பாக்கறேன் டீச்சர். அவர் மனசு நல்ல மனசு."

"எனக்குத் தெரியும். வளர்த்தவ நான். போனை ஸ்பீக்கர்ல போடறியா?"

கிழியும் சத்தம் பெரிதாகக் கேட்டது. இப்போது அவள் தமிழில் பேசினாள்.

"சின்னவனே."

டேப் சத்தம் நின்றது.

"அம்மா நீலக்கோடு துணியை எடுத்திருக்கா. உனக்குச் சட்டை தைக்கிறா."

நர்ஸ் எங்கோ தள்ளிப் போகிற காலடி கேட்டது.

"கமா சரியா போட்டிருக்கடா" என்றாள். "டேய், நீ வந்தா..."

அதற்கு மேல் வரவில்லை. நீ வந்தால் என்ன? அப்பா வரப்போவதில்லை. அன்றைக்குப் பைக்குள் போட்ட போனை இன்றைக்கு எடுத்து என்ன ஆகப் போகிறது? நாக்கு அந்த 'வந்தா'வின் மேலேயே நின்றது.

அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு கணம், இரண்டு கணம்.

பிறகு டேப் மறுபடி கிழிந்தது, நீளமாக, ஒரு பெட்டியின் முழு நீளத்துக்கும்.

*

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது கூடம் அடையாளம் தெரியவில்லை. யூனிஃபார்ம் மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் போயிருந்தன. தரை துடைத்திருந்தது. சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமும் மூடியிருந்தது. அம்மா நல்ல சேலையில் இருந்தாள். மணிக்கட்டில் மட்டும் குண்டூசி குத்திவைக்கிற மெத்தை. அதைக் கழற்ற மறந்திருந்தாள்.

மடியில் நீலக்கோடு சட்டை.

"காலர் எப்படி உக்காந்திருக்கு பாரு."

"நல்லா இருக்கும்மா."

"பழைய அளவுச் சட்டையை வச்சு வெட்டினேன். இப்ப எப்படி இருக்கான்னு யாரு கண்டா? ரெண்டு பக்கமும் கையால வெறும் ஓட்டுத்தையல்தான் போட்டிருக்கேன். உள்ள துணி விட்டிருக்கேன். பெருத்திருந்தா பிரிச்சு விடலாம். எளச்சிருந்தா உள்ள புடிக்கலாம். வந்து போட்டுக் காட்டட்டும், அப்புறம் மெஷின்ல ஓட்டிக்கலாம்."

பெரியவள் பையை மாட்டினாள். முகம் கழுவினாள். கழுவிய முகத்தைத் துண்டிலேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன? அவன் வரவில்லையென்றால், வேலை அதிகம், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா தமிழில் கேட்ட வாக்கியத்தோடு இருந்துகொள்ளட்டும்.

வெளியே லிஃப்ட் ஏறிவரும் சத்தம். அம்மாவின் ஊசி நின்றது. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போனது.

"இந்த லிஃப்ட்டை எத்தனை தரம் அவன் சரிபண்ணியிருக்கான். ஊருல இருக்கறவங்க எல்லாம் அதுல வராங்க" என்றாள் அம்மா.

ஊசி மறுபடி ஓடியது.

"இங்க வா. அந்த மெசேஜை இன்னொரு தரம் படி."

"காலையில மூணு தரம் படிச்சாச்சேம்மா."

"நாலாவது தரம் படிச்சா தேஞ்சா போயிரும்? அவ எழுதினபடியே படி."

பெரியவள் போனை எடுத்தாள். காலையில் பார்த்த வரி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் கண் திரையில் இருந்தது. பத்துப் பதினைந்து வருடமாக எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே படித்துப் பழகிய வாய் கண்ணுக்குத்தான் கட்டுப்பட்டது.

"இஃப் ஹீ வான்டட் டு சீ ஹர், ஐ வுட் பிரிங் ஹிம்."

அம்மாவின் தலை சாய்ந்திருந்தது, காலையில் போலவே. அப்படியே இருந்தது.

"காலையில 'வில்'லுன்னு படிச்ச."

பெரியவள் போன் திரையை அணைத்தாள்.

"அது... ஒண்ணுதாம்மா. சிலபேர் பணிவா எழுதறப்ப 'வுட்'டுன்னு போடறது உண்டு."

"பணிவா." அம்மா சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட அவனுக்கு என்னைக்குப் பணிவு இருந்துச்சு?"

"எழுதினது அவன் இல்ல, அவன் பொண்டாட்டி."

"அவளுக்கு இவ்வளவு நல்லா வராதுன்னு நீதானே சொல்லுவ. காலையில படிக்கறப்ப உனக்கு சிரிப்பு வந்துச்சு. இப்ப வரல." அம்மா நூலின் நுனியை விரலில் சுற்றினாள். "எனக்கு உன் இங்கிலீஷ்ல ஒண்ணுதான் தெரியும். இந்த மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு வருஷம் கத்தினான். வில்லுன்னா தெறப்பு. வுட்டுன்னா பூட்டு."

பெரியவள் தரையில் உட்கார்ந்தாள், அன்று தம்பி உட்கார்ந்த அதே இடத்தில்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் அம்மா.

"மத்தியானம்."

"அதான் சாப்பாட்டு டப்பா அப்படியே கனமா திரும்பி வந்திருக்கு."

அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அம்மா அழவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டு, ஓட்டுத்தையலை ஒரு பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். அக்குளிலிருந்து இடுப்புவரை. மறுபக்கமும். துணிக்குள் ஓர் ஆள் நிற்பதுபோல.

"அப்பா கேட்டாருடி" என்றாள். "சொல்லியாச்சான்னு. ரெண்டு தரம் கேட்டார். ரெண்டாவது தரம் கேட்டதை உன்கிட்ட நான் சொன்னதில்ல. நீ மாத்திரை வாங்கப் போயிருந்த."

பெரியவள் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் ஒருமுறை ஏறியது. நான்காவது மாடியில் நின்றது.

"ஒண்ணு எழுது" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"நீ வந்தா நான் இருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெரியவளின் கட்டைவிரல் எழுத்துகளின் மேல் நின்றது. தமிழில் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் இரண்டு. 'கேம்' போட்டால் 'வுட்'. நீ வரப்போவதில்லை, எங்களுக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறோம். மானத்தோடு பின்வாங்குகிற வாக்கியம். அவனுடையதற்குச் சரியான பதிலும் அதுதான், இலக்கணப்படி.

அம்மா அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்லுலயே போடு."

"அம்மா, அவன்..."

"அவன் பூட்டிக்கட்டும். அது அவன் இஷ்டம், அவன் நியாயம். என் பக்கம் எதுக்குப் பூட்டணும்? வில்லுலயே போடு."

If you come, I will be here.

"போட்டுட்டேன்."

"இதுல எது வில்லு?"

காட்டினாள். அம்மா விரலை நீட்டினாள்.

"தொட்டுராதம்மா, அழிஞ்சுரும்."

அம்மா விரலை இழுத்துக்கொண்டாள். தொடாமல், கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, அந்த நான்கு எழுத்துகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். பெரியவள் அனுப்பினாள்.

அது போய்ச் சேர்ந்தது. படிக்கப்பட்டது.

அம்மா எழுந்து சட்டையை அப்படியே ஓட்டுத்தையலோடு கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். மாட்டியவள் அதன் தோள்களைச் சரிசெய்தாள். அடுத்த அறையில் விளக்குப் போட்டாள். திரும்பி வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தைக்க எதையும் எடுக்கவில்லை.

போன் முனகியது.

பெரியவள் எடுத்தாள். நர்ஸின் எண்தான். மூடிய திரையில் வரியின் முன்பாதி மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்க வேண்டுமானால் தொட்டுத் திறக்க வேண்டும்.

If you had told me that day, I would have

கமா இருந்தது.

"அவனா?" என்றாள் அம்மா.

"ம்."

"இஃப் இருக்கா?"

"இருக்கும்மா."

"வில்லா, வுட்டா?"

காலையிலிருந்து தமிழ் அவளுக்குக் கைகொடுத்து வந்தது. நெனச்சா, வந்தா என்று எல்லாவற்றையும் போர்த்தி மூடி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. இந்த வரியை மூடத் தமிழிலும் துணி இல்லை. தமிழில் இதற்கென்றே வார்த்தை இருக்கிறது: சொல்லியிருந்தா. இதே வாசலில் நின்று அவன் அதைச் சொல்லியிருக்கிறான். கதவே கிடையாது, சுவருதான். உருண்டு உருண்டு சிரித்தானே.

ஆனால் 'ஹேவ்'வுக்குப் பிறகு வாக்கியம் இன்னும் முடியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"பெரியவளே."

"சொல்றேம்மா. தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு..."

"தமிழ்ல வேண்டாம்." அம்மா மணிக்கட்டிலிருந்த ஊசி மெத்தையை அவிழ்த்து மெஷின்மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "அவன் எழுதினபடியே படி."

பெரியவள் திரையைத் தொட்டாள்.